கடைசியாக வருபவரே வைத்தியர்

அனல்மின் நிலையத்துக் குடியிருப்பில் சாம்பல் விழாத நாள் ஒன்று இருந்ததா என்று யாருக்கும் நினைவில்லாத காலத்தில், காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும் என்பதால் வெள்ளைச் சட்டை எடுப்பதையே எல்லோரும் விட்டுவிட்டிருந்த காலத்தில், நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு மனமகிழ் மன்றத்தில் கூடி, கேரம் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் ஒரு ராஜ்ஜியத்தை வரைந்து விளையாடிக்கொண்டிருந்தோம்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் ஞானதுரை. கருவிகள் பிரிவில் மெக்கானிக்காக இருந்தவர், பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் இதைக் கற்றுக்கொண்டு, விதிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துவந்து, ஒர்க்‌ஷாப்பில் வீணாகக் கிடந்த நைலான் துண்டில் இருபது முகமுள்ள பகடையைத் தானே அறுத்துத் தேய்த்துச் செய்தார். அவர்தான் கதைசொல்லி. முன்னால் ஒரு குகை இருக்கிறது, உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவோம். விழுகிற எண்தான் தலைவிதி. ஆளுக்கு ஒரு தாள் உண்டு. மேலே தொழில், கீழே திறமைகள், திறமைகளுக்குப் பங்கிட்டுக்கொள்ள மொத்தம் பத்துப் புள்ளிகள். மலையேறுவதில் மூன்று போட்டவர் மலையேறுவார், போடாதவர் அடிவாரத்தில் நிற்பார். நிஜத்திலும் அப்படித்தானே என்று ஜொஹரா டீச்சர் சொன்னார். எங்களைக் கேட்டு யாரும் புள்ளி கொடுக்கவில்லையே என்று நாங்கள் சிரித்தோம்.

பள்ளியில் விளையாட்டு ஆசிரியையான ஜொஹரா டீச்சர் போர்வீரர் ஆனார். கேன்டீன் மேற்பார்வையாளரும் குடியிருப்போர் சங்கச் செயலாளருமான தணிகாசலம் மந்திரவாதி ஆனார். ஸ்டோர்ஸ் குமாஸ்தாவான நான், வரதன், திருடன் ஆனேன். மிச்சமிருந்தது வைத்தியர். வைத்தியர் இல்லாமல் போனால் முதல் குகையிலேயே நாலு பேரும் சாக வேண்டியதுதான் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஆனால் மற்றவர்கள் வாள் வீசி, பூட்டு உடைத்து, நெருப்பு கக்கிப் பெயர் வாங்கும்போது பின்னால் நின்றுகொண்டு, அடிபட்டவனைத் தொட்டு எழுப்பிவிட்டு, எழுந்தவன் நன்றி சொல்லாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு ஆசை வரும்? அதனால் இந்த ஆட்டம் ஆடுகிற எல்லா ஊரிலும் ஒரு வழக்கம் இருக்கிறதாம். முதல் நாள் கடைசியாக வருபவரே வைத்தியர். நடுவில் யாராவது அந்தத் தொழிலை விட்டால், அடுத்த ஆட்டத்துக்குக் கடைசியாக வருபவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

இதை ஞானதுரை முதல் ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமையே ஸ்டோர்ஸுக்கு வந்து என்னிடம் சொன்னார். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த இந்துமதி அக்காவும் சேர்கிறார், ஆட்டம் மூன்று மணிக்கு என்று அவரிடம் சொல்லிவிடு என்றும் சொன்னார். நான் போய், மூன்றரைக்கு என்று சொன்னேன். திருடன் என்று தாளில் எழுதுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே நான் அரை மணி நேரத்தைத் திருடிவிட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் சொன்னால் நியாயம் கற்பிப்பதுபோல் ஆகிவிடும்.

அக்கா மூன்றே காலுக்கே வந்தார், புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். தாளை வாங்கி, வைத்தியர் என்று எழுதிவிட்டு, திறமைகளில் முதலாவதாக நீச்சல் என்று எழுதி ஒரு புள்ளி போட்டார்.

"அக்கா, கதை நடக்கறது பாலைவனத்துல," என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. சின்ன வயசுலேர்ந்து ஆசை. இவ்வளவு பெரிய ஏரிய வாசல்ல வச்சுக்கிட்டு இறங்கத் தெரியாம இருக்கேன்."

"ஒரு புள்ளிய வீணடிக்காதீங்க மேடம்," என்று தணிகாசலம் தாளை இழுத்து ரப்பரால் அழித்தார். தன்னுடலைக் காத்தல் என்று ஒரு திறமை இருந்தது, அதற்கும் போட வேண்டாம், நாங்கள் இருக்கிறோம் அல்லவா, உங்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, பத்தையும் பிறரைக் குணமாக்குதலில் போடவைத்தோம். நீச்சல் என்ற எழுத்தின் தடம் மட்டும் தாளில் அழுந்திக் கிடந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை குணப்படுத்தலாம். எட்டு மணி நேரம் இடைவிடாமல் தூங்கினால்தான் மறுநாள் மூன்றும் திரும்பி வரும்.

ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி மைதானத்தில் தடகளப் பயிற்சியின்போது ஜொஹரா டீச்சர் குழியில் கால்வைத்து விழுந்து, கணுக்கால் வீங்கிக் கிடந்தார். ஆய்வகத்திலிருந்து ஓடிவந்த இந்துமதி அக்கா அந்தக் காலைத் தொட்டு, ஆட்டத்தில் வழக்கமாகச் சொல்வதுபோல, "போதும், எழுந்திரு," என்றார். வீக்கம் வடிந்தது. ஜொஹரா டீச்சர் எழுந்து, காலை இரண்டு முறை உதறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னைக்கு இன்னும் எத்தனை பாக்கி இருக்கு?"

"ரெண்டு," என்றார் அக்கா.

அந்த இரண்டும் மதிய இடைவேளைக்குள் தீர்ந்துவிட்டன, ஒன்று தலைமையாசிரியரின் ஒற்றைத் தலைவலிக்கு, ஒன்று ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் காய்ச்சலுக்கு.

தாளில் எழுதிய திறமை எங்களுக்கும் வந்தது. ஜொஹரா டீச்சர் பள்ளத்தில் இறங்கிய பள்ளிப் பேருந்தைத் தனியாகத் தூக்கிவிட்டார். தணிகாசலம் விரல் நுனியில் வெளிச்சம் ஏற்றினார். மின்சாரம் தயாரிக்கிற ஊரிலேயே மின்சாரம் போகும் என்பதால் அதற்கு வேலை இருந்தது. காக்கைகளோடு பேசும் திறமைக்கு மூன்று புள்ளி போட்டிருந்தவர், காக்கைகள் சாம்பலைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று சலித்துக்கொண்டார். நான் தொட்டால் பூட்டு திறந்தது. சாவி தொலைத்தவர்கள் முதல் மாதத்தில் வரிசையாக வந்து, திறந்த பீரோக்களுக்கு முன்னால் எனக்குக் காபி கொடுத்தார்கள். இரண்டாம் மாதத்தில் சாவிகளை ஒழுங்காக ஆணியில் மாட்டப் பழகிவிட்டார்கள். பேருந்தும் தினமும் பள்ளத்தில் இறங்குவதில்லை. ஆனால் முட்டிவலி தினமும் வந்தது, காய்ச்சல் தினமும் வந்தது, இடுப்பும் கழுத்தும் பல்லும் குழந்தையின் வாந்தியும் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தன.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எது வந்தாலும் எங்கள் ஊர் அதிசயப்படாது, அதற்கு ஒரு பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடும். ஏ டைப் குவார்ட்டர்ஸுக்கு ஒரு டோக்கன், பி டைப்புக்கு ஒன்று, சி டைப்புக்கும் டி டைப்புக்கும் சேர்த்து ஒன்று என்று சங்கம் தீர்மானித்தது. டி டைப்பில் இருந்த அதிகாரிகள் தங்களுக்குத் தனி வேண்டும் என்று மனு எழுதினார்கள். சளிக்கு டோக்கன் கிடையாது, கல்யாணத்துக்கு முந்தைய நாள் சளி என்றால் உண்டு என்று திருத்தம் வந்தது. யாரும் அக்காவிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை, எனக்கும்தான்.

அப்புறம் தூக்கம். அக்கா எட்டு மணி நேரம் இடைவிடாமல் தூங்கினால்தான் மறுநாள் ஊருக்கு மூன்று கிடைக்கும் என்று தெரிந்ததும், ஊர் அவருடைய தூக்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒன்பது மணிக்கு மேல் குக்கர் வைக்கக் கூடாது. பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் ஒரே நாளில் ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தன, அதற்கு முன்னால் அவை எதிலும் ஒத்துப்போனதில்லை. ஷிப்ட் சங்கை நிறுத்திவிட்டுச் சிவப்பு விளக்கு போட்டார்கள். குறட்டை விடுகிறார் என்று அக்காவின் கணவரை விருந்தினர் விடுதிக்கு மாற்றினார்கள். அவர் நல்ல மனிதர், தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனையில் ஆள் காவல் போட்டார்கள். அத்தனை அமைதியில், அத்தனை பேர் தன் தூக்கத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த ஒருத்தியால் எப்படித் தூங்க முடியும்? ஆனாலும் தூங்கினார், கடமைக்குத் தூங்கினார். தாகம் எடுத்து எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், மறுநாள் டோக்கன் வைத்திருப்பவர்கள் அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நிற்பார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா ஒருமுறை சொன்னார்.

வலி போனது, ஆனால் வலியோடு வந்த களைப்பு போகவில்லை. அது தொட்ட கையில் தங்கியது. மாதம் போகப் போக அக்கா நடப்பது மெதுவானது, பேசுவது குறைந்தது, ஆய்வகத்தில் குடுவையைக் கழுவிக்கொண்டே நின்றபடி கண்ணை மூடினார். தன் கழுத்துவலியைத் தானே தொட்டுப் பார்த்தார். தாளில் அதற்குப் புள்ளி இல்லாததால் அது வெறும் கை வெறும் கழுத்தைத் தொட்டதாகவே இருந்தது.

ஆட்டம் நின்றுவிடவில்லை. ஞாயிறுதோறும் மூன்று மணிக்குக் கூடினோம். அங்கேயும் குகைகளில் அடிபட்டோம், அங்கேயும் அக்கா எங்களைத் தொட்டு எழுப்பினார்.

முந்நூறு பேரைக் குணப்படுத்தினால் வைத்தியர் அடுத்த நிலைக்கு ஏறுவார், ஏறினால் புதிதாக ஒரு திறமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. அக்கா இருநூற்று எண்பதைத் தாண்டியபோது ஊருக்கு அது தெரிந்தது. தேர்வுகளில் பெரிய வைத்தியம் என்று ஒன்று இருந்தது. அது இருந்தால் நாள்பட்ட நோய்களும் தீரும். தணிகாசலத்தின் மனைவி கஸ்தூரிக்கு இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. வாரத்துக்கு இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காக மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வந்தார், தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தார். தணிகாசலம் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். இந்துமதி மேடம் பெரிய வைத்தியத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவரே எழுந்து நின்று படித்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். எல்லோர் வீட்டிலும் தீராத ஏதோ ஒன்று இருந்தது. நானும் தூக்கினேன், என் அம்மாவுக்குச் சர்க்கரை.

"மேடம், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கடைசியில் கேட்டார்கள்.

"பாக்கலாம்," என்றார் அக்கா.

அடுத்த சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டு வாசலில் என் முறைக் காவல். அரைத் தூக்கமும் கணக்கில் சேருமா என்று சோதிக்க, சங்கம் அவரை மதியத்திலும் படுக்கவைத்திருந்தது. கஸ்தூரி மெதுவாக நடந்து வந்தார். தூங்குகிறார் என்று நான் சைகை காட்டினேன்.

"நான் எங்கப்பா தூங்கறேன். உள்ள வாங்க கஸ்தூரி," என்று குரல் வந்தது.

ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. முதலில் கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும்தான். இரண்டு களைத்த பெண்கள் ஒரே கட்டிலில் உட்கார்ந்தால் முதலில் அப்படித்தான் இருக்கும்.

"எனக்காகத்தான் பெரிய வைத்தியத்த எழுதச் சொல்றாங்களாம்," என்றார் கஸ்தூரி.

"உங்களுக்கு ஆசை இல்லையா?"

"இல்லாம இருக்குமா? வயித்து நெறையத் தண்ணி குடிக்கணும்னு அவ்வளவு ஆசை. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு நல்லானா, மறுநாளே வெளியூர்லேர்ந்து பஸ் புடிச்சு வருவாங்க. உங்களக் கட்டில்ல கட்டிப்போட்டுத் தூங்க வைப்பாங்க. அதப் பாத்துக்கிட்டு நான் எப்படிங்க தண்ணி குடிக்கிறது?"

அக்கா நகர்ந்து அவருக்குக் கட்டிலில் இடம்விட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அந்தக் கட்டிலிலேயே, ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். அன்று நான் நிஜமாகவே காவல் காத்தேன்.

கஸ்தூரி எழுந்து போன பிறகு அக்கா வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தார். என்னால் அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அக்கா, முதல் நாள் ஆட்டம் மூணு மணிக்கு. நான்தான் உங்ககிட்ட மூணரைன்னு மாத்திச் சொன்னேன்."

"தெரியும் வரதா."

"எப்பத்திலேர்ந்து?"

"அன்னைக்கே. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா, குடுங்கக்கா நான் எடுத்துக்கறேன்னு சொல்லியிருப்பியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடவும் அவர் கோபமில்லாமல் கேட்டது கஷ்டமாக இருந்தது. முந்நூறாவது ஆளாக நாளைக் காலையில் பி டைப்பில் ஒரு காதுவலி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

ஞாயிறு மூன்று மணிக்கு மன்றத்தில் நிற்க இடமில்லை. ஊரே டோக்கன்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. அக்காவுக்கு முன்னால் தாளையும் பென்சிலையும் வைத்தார் ஞானதுரை. தாளை அவரவர் கையால்தான் எழுத வேண்டும், அது விதி. அக்கா குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பிறகு ரப்பரை எடுத்து மேலே எதையோ அழித்தார். தாளைக் கவிழ்த்து, அதன் மேல் பகடையை வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தார்.

கஸ்தூரியைத் தேடித்தான் போகிறார் என்று நினைத்து ஊர் வழிவிட்டது. அவர் கஸ்தூரியைத் தாண்டி, சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டி, கம்பிவேலி கிழிந்த இடத்தில் நுழைந்து, மின் நிலையத்துச் சுடுநீர் வந்து கலக்கிற ஏரிக்கரைக்குப் போனார். ஆழமான பகுதி, இறங்காதீர்கள் என்ற பலகைக்கு அடியில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். முழங்கால், இடுப்பு, கழுத்து. அப்புறம் நீந்தினார். பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே இருந்தவர்போல, ஒரு சத்தமும் இல்லாமல், நடு ஏரி வரைக்கும் போய், மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டார். வெதுவெதுப்பான அந்தத் தண்ணீர் அவரைத் தாங்கிக்கொண்டது.

"மேடம்," என்று யாரோ கூப்பிட்டார்கள். "எங்க டோக்கன்?"

கரை நெடுக ஊர் நின்றது. கூப்பிடலாம், கைதட்டலாம், அழலாம். போய்ப் பிடித்துவர முடியாது. போர்வீரரால் பேருந்தையே தூக்க முடியும், மந்திரவாதிக்குக் காக்கைகள் பேசுவது புரியும், எனக்குத் திறக்காத பூட்டு கிடையாது, ஆனால் எங்களில் ஒருவரும் நீச்சலுக்கு ஒரு புள்ளிகூடப் போட்டிருக்கவில்லை. தணிகாசலம் கரைச்சேற்றில் உட்கார்ந்து அழுதார். கஸ்தூரி அவருடைய முதுகில் கைவைத்துக்கொண்டு, ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மன்றத்துக்குத் திரும்பி ஞானதுரை தாளைத் திருப்பினார். பழைய தடத்தின் மேலேயே நீச்சல் என்று எழுதியிருந்தது. மேலே, தொழில் என்ற இடத்தில் வைத்தியர் அழிக்கப்பட்டு வெறுமையாக இருந்தது.

"விட்டுட்டாங்க," என்றார் ஞானதுரை. "அடுத்த ஞாயிறு கடைசியா வர்றவங்க எடுத்துக்கணும். ஏறினதுக்கு நீச்சல எடுத்துட்டாங்க, இனி மறுபடியும் முந்நூறு. அதுக்கப்புறம்தான் பெரிய வைத்தியம்."

அந்த வாரம் முழுக்க அக்கா காலையும் மாலையும் ஏரியில் இருந்தார். கணவர் தலையணையோடு வீடு திரும்பினார். ஷிப்ட் சங்கு மறுபடி ஊதியது, குக்கர்கள் நினைத்த நேரத்தில் விசிலடித்தன. வலிகள் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வந்தன. யாராவது எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் எல்லோரிடமும் சொன்னார்கள்.

ஞாயிறு வந்தது. கடைசியாக வருபவராகிவிடக் கூடாது என்பதற்காக ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போய்விட்டார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் செருப்புகள் மலையாகிவிட்டன. தலைமையாசிரியர் போனார், டி டைப் அதிகாரிகள் காரில் போனார்கள். பதினொரு மணிக்குத் தணிகாசலம் கஸ்தூரியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனார். நாலு அடிக்கு ஒருமுறை திரும்பி, தெருவில் இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வீட்டு வாசலில் நின்றிருந்த நான் உள்ளே போனேன்.

நான் வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டுகளைத் திறந்த விரல்களை மடக்கிப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. முந்நூறு என்றால் நூறு நாள், நூறு நாள் அந்த அமைதியில் படுத்துக் கிடக்க வேண்டும், அதற்குப் பிறகும் அது முடியப்போவதில்லை. இரண்டு ஐம்பதுக்கு அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டி, குறுக்கு வழியை விட்டு ஏரியைச் சுற்றிப் போகிற பாதையில் நடந்தேன்.

கரைக்குப் பக்கத்தில் அக்கா நீந்திக்கொண்டிருந்தார். களைப்பால் முகத்தில் படர்ந்திருந்த கறுப்பு கொஞ்சம் தெளிந்திருந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். தூரத்தில் மின் நிலையத்தின் சங்கு மூன்று மணிக்கு ஊதியது.

"என்ன வரதா, போகலையா? ஆட்டம் ஆரம்பிச்சிருக்குமே."

"இல்லக்கா," என்றேன். "மூணரைக்குத்தான்."